ஒரகடம் வட்டாரக் கதை: செங்கல்பட்டில் பிறந்த தளபதி

காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் வட்டாரமே ஷிப்ட் மாறுவதைப் பார்க்கலாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடம் இது. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். எதிர்த்திசையில், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள டிரெய்லர்கள் துறைமுகம் நோக்கிக் கிளம்புகின்றன.

அங்கே ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவரோடு எனக்கு இந்தத் தொடரின் மூலம் பழக்கம். முன்னாள் ராணுவ வீரர் அவர். காவல் அறையில் அவர் நாற்காலிக்குக் கீழே ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண், பெயர், யூனிட். பதவியை எழுதிய இடத்தில் மட்டும் பெயின்ட் தடித்துப் போயிருக்கிறது. நாயக் என்று எழுதி, அதை அழித்து ஹவில்தார் என்று எழுதி, அதையும் அழித்து நாயப் சுபேதார் என்று எழுதிய தடம். விரலால் தடவினால் 24 வருஷச் சர்வீஸும் தட்டுப்படும்.

மணிமங்கலம் கல்வெட்டுகளைப் பற்றிய பகுதி வெளிவந்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். “ராஜா கதையெல்லாம் எழுதுறீங்க சார். நம்ம சுந்தர்ஜி சாரைப் பத்தி எழுத மாட்டீங்களா? பக்கத்துல செங்கல்பட்டுதான் சார் அவரு பொறந்த ஊரு. நான் ஓட்டின பி.எம்.பி. வண்டி பட்டாளத்துல இவ்வளவு பெரிசா வந்ததே அவராலதான்” என்றார்.

சரியான கேள்விதான். கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட சோழ மன்னன் ராஜாதிராஜன், அந்தக் களத்திலேயே முடி சூடிக்கொண்ட அவன் தம்பி ராஜேந்திரன் என்று மணிமங்கலத்துக் கல்லில் போர்ச் செய்திகள் நிறைய உண்டு. களத்தை விட்டு வீடு திரும்பியவனின் கதை கல்லில் கிடைப்பதில்லை. அதற்குப் பெரியபுராணத்துக்குத்தான் போக வேண்டும். வாதாபியை அழித்துத் திரும்பிய பரஞ்சோதி, மன்னன் விடைகொடுத்ததும் திருச்செங்காட்டங்குடிக்குப் போய், மனைவி வெண்காட்டு நங்கையோடும் மகன் சீராளனோடும் வாழும் சிறுத்தொண்டர் ஆகிறார். படையை விட்டு வந்த ஒரு தளபதியின் வீட்டுக்குள் போய்ப் பார்த்த நூல் அது. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த சுந்தர்ஜியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் நடத்திய படைகளோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். நான் கொஞ்சம் வீட்டுப் பக்கமும் போய் வரப் பார்க்கிறேன்.

கிருஷ்ணசாமி சுந்தரராஜன் செங்கல்பட்டில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சுந்தரராஜன் என்ற பெயர்தான் பிறகு சுந்தர்ஜி ஆனது. படித்தது மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி. 1937-ல் சென்னை நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. வக்கீல், தாசில்தார், வாத்தியார் என்று போக வேண்டிய வழியில் போகாமல், பட்டம் வாங்கும் முன்பே படையில் சேர்ந்துவிட்டார் பையன். 1946-ல் அதிகாரி ஆனார். கிடைத்த ரெஜிமென்ட் மகார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் தீண்டாமைக்கு ஆளான மக்கள் மகார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்தவர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ‘வீர இனங்கள்’ என்று சில சாதிகளை மட்டும் பொறுக்கியெடுத்த வெள்ளை அதிகாரிகள், 1890களில் மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது கூப்பிட்டுக்கொண்டு, போர் முடிந்ததும் மறுபடி கலைத்தார்கள். அம்பேத்கர் விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தபடி அழுத்தம் கொடுத்தார். 1941 அக்டோபரில் பெல்காமில் மகார் ரெஜிமென்ட் பிறந்தது. அதன் தொடக்க காலத் தொப்பிச் சின்னத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு மேலே கோரேகாவ் நினைவுத் தூண் இருந்தது. 1818-ல் பேஷ்வாவின் படையை எதிர்த்து மகார் வீரர்கள் நின்ற களத்தின் தூண்.

அந்தச் சின்னத்தை அணிந்துகொண்டவர் செங்கல்பட்டுப் பிராமண இளைஞர். செங்கல்பட்டு மாவட்டம் எப்படிப்பட்டது என்பது தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1891-ல் இம்மாவட்டத்துக் கலெக்டர் டிரெமன்ஹியர், பறையர் மக்கள் சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட வாங்க முடியாத நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசன், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். சாதி பார்த்துத் தெருவையும் கிணற்றையும் பிரித்து வைத்திருந்த இப்படியொரு மாவட்டத்தின் அக்ரகார வழியில் வந்தவர், மகார் வீரர்களின் உயிருக்குப் பொறுப்பாளர் ஆனார். 1965 போரில் ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றார். சுந்தர்ஜி வாழ்க்கையில் முதலில் குறித்துவைக்க வேண்டிய செய்தி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அவருடைய போஸ்டிங் பட்டியலை ஒரு மனைவியின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். வடமேற்கு எல்லை, கார்கில். 1963-ல் ஆப்பிரிக்காவின் காங்கோவில் ஐ.நா. படையின் கட்டாங்கா தலைமையகம். 1965 போர். 1971-ல் வங்கதேசப் போரில் ரங்பூர் பகுதி. அதற்குப் பிறகு டிவிஷன், கல்லூரி, கோர், கமாண்டு. பட்டாளத்துக் குடும்பத்தில் பெட்டி கட்டுவதும் பிரிப்பதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறுகிறது, பாஷை மாறுகிறது. களப் போஸ்டிங் என்றால் குடும்பம் வேறெங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் கடிதத்துக்குக் காத்திருக்கும். வாசல் காவல் பெரியவர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “என் பொண்ணை நான் முதல்ல பாத்தப்போ அவளுக்கு ஏழு மாசம் சார். என்னைப் பாத்து அழுதா.”

சுந்தர்ஜியின் மனைவி பெயர் பத்மா. எழுபதுகளின் இறுதியில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. சுந்தர்ஜி வருஷக்கணக்காக வாதாடிய கனவு கைகூடியதும் ஏறக்குறைய அதே சமயம்தான். 1979 ஏப்ரல் 2 அன்று இயந்திரமய காலாட்படை ரெஜிமென்ட் உருவானது.

ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கனவைச் சுலபமாகப் புரியவைக்கலாம். போர்த் தாங்கி (டாங்க்) முன்னே பாய்ந்துகொண்டிருக்கும்போது காலாட்படை வீரன் நடந்தோ லாரியிலோ பின்தொடர்ந்தால் போர் அவனுக்காகக் காத்திருக்காது. அவனையும் தாங்கியின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக வாங்கியது சோவியத் நாட்டு பி.எம்.பி. என்ற சங்கிலிச் சக்கர வண்டி. வண்டிக்காரர்கள் மூன்று பேர், பின்னால் எட்டு வீரர்கள். பக்கத்துக்கு நான்கு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். அவரவர் முகத்துக்கு நேரே வெளியே சுட ஒரு துளை. ஆறு வந்தால் வண்டி நீந்தும். பின் கதவுகளுக்குள் எரிபொருள் டேங்க் இருக்கும். “வெயில் காலத்துல உள்ள உக்காந்தா, மூடி போட்ட இட்லிக் குண்டான்தான் சார்” என்கிறார் பெரியவர். எட்டு மணி நேரம் அதற்குள் இருந்துவிட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்துக்கு முழங்கால் நீளாதாம்.

இந்தப் புது ரெஜிமென்ட்டுக்காகப் பழம்பெருமை வாய்ந்த காலாட்படைப் பட்டாலியன்களையே எடுத்து மாற்றினார்கள். அவற்றில் முதலாவது, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். சுந்தர்ஜியே காலாட்படைக்காரர். அப்படியிருந்தும் முதலாம் கவச டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர். தாங்கிக்காரர்கள் சாமானியமாக வெளியாளை உள்ளே விடுவதில்லை. மாவ் நகரில் போர்க் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, வேகமும் தொழில்நுட்பமும் கலந்த போர்முறையை வகுத்துப் பாடமாக்கினார். அணு ஆயுதம் வந்துவிட்ட காலத்தில் படை எப்படி இருக்க வேண்டும் என்று அதிகாரிகளை எழுதவும் விவாதிக்கவும் வைத்தார்.

1984 ஜூனைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்போது அவர் மேற்குக் கமாண்டின் தளபதி. அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் படை நுழைந்தது அவர் தலைமையில்தான். கோவில் வளாகத்தில் இருக்கும் அகால் தக்த்தை நோக்கிச் சுட்டவை விஜயந்தா தாங்கிகள். 1965 முதல் நம் ஆவடித் தொழிற்சாலையில் உருவானவை. அரசு வெளியிட்ட கணக்கின்படியே 83 படைவீரர்கள் இறந்தார்கள். உள்ளே இறந்தவர்கள் பல நூறு பேர். அவர்களில் வழிபட வந்தவர்களும் உண்டு. ஆணையிட்டது அரசு, நிறைவேற்றியது படை. ஆனாலும் ஒரு மக்களின் தலைமைக் கோவிலில் தாங்கியைக் கொண்டுபோய் நிறுத்திய முடிவு பெரும் பிழை என்பதே என் கருத்து. அந்தப் பிழையில் அதைத் திட்டமிட்ட தளபதிக்கும் பங்கு உண்டு.

அதன் விலை ஒரு தளபதியின் குடும்பம் வரைக்கும் வந்தது. அப்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வைத்யா, 1986 ஜனவரி கடைசியில் ஓய்வு பெற்றுப் புனேயில் குடியேறினார். ஆகஸ்ட் 10 அன்று மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சீருடையைக் கழற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய நாற்காலிக்கு வந்தவர் சுந்தர்ஜி. 1986 பிப்ரவரி 1 அன்று பொறுப்பேற்ற உடனே எல்லா அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். மேலதிகாரியிடம் குழைவதும் பதவிக்காக எதையும் செய்வதும் படைக்குள் வந்துவிட்டதை அதில் ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு வந்த இரண்டே கால் வருஷம் மூச்சு விட நேரமில்லாத காலம். சும்தொரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து உட்கார்ந்ததும், அருணாசலப் பிரதேசத்தின் ஜிமிதாங்கில் ஒரு பிரிகேடையே வான்வழியே கொண்டுபோய் இறக்கினார். ராஜஸ்தானில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற பெரும் போர்ப் பயிற்சியை நடத்தினார். பாகிஸ்தான் பதறித் தன் படையை நகர்த்தியது. 1987 பிப்ரவரியில் கிரிக்கெட் பார்க்கிற சாக்கில் ஜெய்ப்பூருக்கு வந்தார் பாகிஸ்தான் அதிபர் ஜியா. சூடு தணிந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஈழத் தமிழரைக் காக்கப் போகிறோம் என்று கிளம்பிய படை, அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று டெல்லிக்கு நம்பிக்கை கொடுத்தவர்களில் சுந்தர்ஜியும் ஒருவர். முடியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் அங்கேயே மடிந்தார்கள். அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்ற ஆத்திரம் இங்கே அவ்வளவு இருந்தது. அந்த ஆத்திரத்தில் நியாயம் உண்டு. துப்பாக்கியை இறக்கிவைத்து, டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிய நம்மூர்ப் பையன்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பெரியவர் அவர்களில் ஒருவர். அங்கே நடந்ததைப் பற்றி இதுவரை என்னிடம் அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

1991 மே 21 இரவு, அமைதிப் படையை அனுப்பிய முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அந்தப் போரை நடத்திய தளபதி பிறந்த செங்கல்பட்டுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். வழியில்தான் ஒரகடம். அன்று அந்தச் சாலையின் இரு பக்கமும் ஏரிப் பாசன வயல்கள்தான். ஐந்து வருஷம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். 2013-ல் ராயல் என்பீல்டும் இங்கே ஆலை திறந்தது. ஐம்பதுகளில் எல்லை ரோந்துக்காகப் பட்டாளம் கேட்டதால்தான் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்திக்கே அடித்தளம் விழுந்தது. பட்டாளத்தில் தபால் கொண்டுபோகிறவரை ‘டி.ஆர்.’ என்பார்கள். அவர் ஏறியதும் புல்லட்தான்.

சுந்தர்ஜி 1988 ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற தளபதிகள் கவர்னர் பதவிக்கோ கம்பெனி இயக்குநர் நாற்காலிக்கோ போவது உண்டு. இவர் எழுத உட்கார்ந்தார். 1989-ல் போபர்ஸ் பீரங்கிப் பேர ஊழல் விவகாரத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வாய் திறந்தார். தரகுப் பணம் வாங்கியவர்களின் பெயரைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்று கம்பெனியை மிரட்டலாம் என அரசுக்கு ஆலோசனை சொன்னதை வெளியிட்டார். பீரங்கி நல்ல பீரங்கி என்று தேர்ந்தெடுத்தவரே அவர்தான். அதற்காக ஊழலை மூடி மறைக்க அவர் உடன்படவில்லை. 1993-ல் இந்திய–பாகிஸ்தான் அணுப் போர் மூண்டால் என்னவாகும் என்பதைக் கதையாக எழுதி வெளியிட்டார். இரு நாடுகளும் குருடர்கள் யானையைத் தடவுவதைப் போல அணுகுண்டைத் தடவிக்கொண்டிருக்கின்றன என்ற ஆதங்கம் அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இருந்தது.

பத்மாவின் மறைவுக்குப் பிறகு அவர் வாணியை மணந்திருந்தார். கடைசிக் காலத்தை எண்ணும்போது வாணியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 1998 தொடக்கத்தில் சுந்தர்ஜிக்கு இயக்க நரம்பணு நோய் என்று தெரிந்தது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடியும் வியாதி. கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். குணமாக்க மருந்து இல்லை. அந்த மே மாதம் போக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. பதினேழு வருஷமாக எதைப் பற்றிப் பேசினாரோ அது நடந்தேறியதை நோயாளியாக இருந்து பார்த்தார்.

தன் வாழ்க்கையை 105 அத்தியாயமாக எழுதத் திட்டம் போட்டிருந்தார். 33 முடிந்தது. 1999 பிப்ரவரி 8 அன்று காலமானார்.

மூன்று மாதம் கழித்துக் கார்கிலில் போர். அவர் தேர்ந்தெடுத்த போபர்ஸ் பீரங்கிகள், இளம் அதிகாரியாக அவர் நின்ற அதே மலைகளில் முழங்கின. எழுதி முடித்த 33 அத்தியாயங்களை மறு ஆண்டு வாணி புத்தகமாகக் கொண்டுவந்தார். மீதி 72 அத்தியாயங்கள் அவரோடு போய்விட்டன. யாழ்ப்பாணத்தைப் பற்றி இவ்வளவு காலம் கழித்து அவர் மனம் என்ன சொல்லியிருக்கும் என்று ஒரு தமிழனாக நான் ஏங்கியதுண்டு. அதைக் கேட்க இனி வழியில்லை.

இந்தப் பகுதியின் கைப்பிரதியைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அமைதிப் படை வரும் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய டைரியை எடுத்தார். 1987 என்று அட்டையில் இருந்தது. “வீட்ல யாருக்கும் தெரியாது சார்” என்று சொல்லி, திறக்காமலே திரும்ப உள்ளே வைத்தார்.

இந்த வட்டாரத்து வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பட்டாளத்திலிருந்து வந்த அப்பாவோ பெரியப்பாவோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அவர் மனைவியிடமும் கேளுங்கள். பாட்டிக்கு வந்த கடிதங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அவர்களுக்குச் சம்மதமானதை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு.

(தொடரும்)